மடியில் கனம் இருந்தால்…

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் இப்போது பல பைக்குகளின் பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பை முளைத்திருக்கிறது. கடலூர் முதுநகர் தொடங்கிச் சிதம்பரம் கீழ வீதி வரை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அந்தப் பையையே சுற்றி வந்தன. எனவே இந்த முறை அரசியலுக்கும் சினிமாவுக்கும் விடுமுறை.

கல்லூரி மாணவர், அண்ணாமலை நகர்: டேங்க் பேக் அவசியமா, அலங்காரமா?

வண்டியை விட்டு இறங்காமல் எடுக்க வேண்டிய பொருள் உங்களிடம் இருந்தால் அவசியம். இல்லாவிட்டால் அலங்காரம். டோல்கேட்டில் காசு எடுக்க வசதியாக இருக்கும் என்று மட்டும் வீட்டில் சொல்லிவிடாதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் இரு சக்கர வாகனத்துக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது என்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

புல்லட்காரர், முதுநகர்: என் அப்பா காலத்து புல்லட்டில் ரெக்சின் டேங்க் கவர், பக்கத்துக்கு ஒரு பை. இதையே வைத்துக்கொள்ளலாமா? பையன் 'டேங்க் பேக் வாங்கு' என்று பிடுங்குகிறான்.

பையனிடம் சொல்லுங்கள்: வீட்டில் இருப்பதும் டேங்க் பேக்தான். என்ஃபீல்டு இந்தியா 1955-இல் சென்னையில் தொடங்கி, திருவொற்றியூரிலிருந்து புல்லட் வெளியே வந்துகொண்டிருந்த காலத்திலிருந்தே, கம்பெனி தராததையெல்லாம் நம் ஊர் சீட் கவர் கடைக்காரர் தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு பக்கப் பையில் ஸ்பார்க் பிளக், பிளக் ஸ்பேனர், துடைக்கும் துணி. இன்னொரு பக்கத்தில் ரசீதுப் புத்தகம், மூக்குக் கண்ணாடி, பாதி தின்ற கடலை மிட்டாய். பால்காரர், வட்டிக்குக் கொடுத்தவர், ஒப்பந்தக்காரர், ஊர்த்தலைவர் என்று எல்லோருடைய அலுவலகமும் அந்த இரண்டு பைக்குள்தான் நடந்தது.

அந்த அமைப்பில் அறிவும் இருக்கிறது. கனம் டேங்க்கின் இரு பக்கமும் கீழே தொங்குகிறது. மீட்டரை மறைப்பதில்லை, வயிற்றில் இடிப்பதில்லை. உங்கள் வண்டியையே அளவெடுத்துத் தைத்தது என்பதால் நழுவுவதும் இல்லை. கடைகளில் விற்கும் பல பைகளுக்கு இந்த மூன்று நல்ல குணமும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

ஆனால் நீங்கள் இருப்பது முதுநகர். ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் உப்பனாறு. காற்றிலேயே உப்பு. ரெக்சினுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஃபோம் மழைநீரைக் குடித்தால் எளிதில் விடாது. மேலே பார்த்தால் கவர் பளபளப்பாக இருக்கும். அடியில் டேங்க் மெல்லத் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் கவரைக் கழற்றும்போது பெயின்ட்டும் கூடவே வரும். ஆகவே கவரை நிரந்தரமாக இறுக்கிக் கட்டாதீர்கள். கழற்ற வசதியாகப் பக்கிள் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், ஃபோம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கழற்றித் துடைத்துக் காய வையுங்கள். இவ்வளவும் செய்வீர்கள் என்றால் என் ஓட்டு அப்பாவின் பைக்கே.

பைக் புதிதாக வாங்கியவர், பரங்கிப்பேட்டை: காந்தம் வைத்தது, பட்டி கட்டுவது, பெட்ரோல் மூடியில் வளையம் மாட்டுவது என்று மூன்று வகை சொல்கிறார்கள். எது நல்லது?

முதலில் டேங்க் எதனால் ஆனது என்று பாருங்கள். 1830-களிலேயே ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பாலை நடத்திய ஊர் உங்களுடையது. இரும்பு எது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் திருப்பதி பொம்மைக் காந்தத்தைக் கழற்றிக்கொண்டு போய் டேங்க்கில் ஒட்டிப் பாருங்கள். புல்லட், ஸ்ப்ளெண்டர் போன்றவற்றின் டேங்க் இரும்புத் தகடு, கப்பென்று பிடிக்கும். இப்போது வரும் பல ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் இரும்பு டேங்க் உள்ளே இருக்க, வெளியே பிளாஸ்டிக் போர்வை. அதில் காந்தம் நிற்காது. அலுமினிய டேங்க் என்றாலும் நிற்காது. மேலே மட்டும் பிடித்துப் பக்கத்தில் பிடிக்காத டேங்க்குகளும் உண்டு. ஆகவே நான்கைந்து இடத்தில் வைத்துப் பாருங்கள்.

காந்தப் பையின் சுகம் பெட்ரோல் பங்கில் தெரியும். தூக்கு, போடு, வை, கிளம்பு. அதன் வில்லன் தூசி. இரும்புத்தூள், துருத்துகள் எல்லாம் காந்தத்தின் அடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். பையை நகர்த்தினால் பெயின்ட்டில் கோடு கிழிக்கும். இழுக்காமல் தூக்க வேண்டும், வைக்கும் முன் இரண்டு பக்கமும் துடைக்க வேண்டும்.

பட்டிப் பை எந்த டேங்க்குக்கும் பொருந்தும், பள்ளத்திலும் கழன்று விழாது. ஆனால் முன்பட்டியை ஹாண்டிலின் கழுத்தைச் சுற்றிக் கட்டும்போது ஆக்ஸிலேட்டர் கேபிளையும் வயர்களையும் சேர்த்துக் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேபிள் இழுபட்டால் வண்டி தானே வேகம் எடுக்கும். கட்டி முடித்ததும் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஹாண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் கட்டியது தப்பு.

வளையம் என்பது பெட்ரோல் மூடியைச் சுற்றியுள்ள திருகாணிகளில் ஒரு வளையத்தைப் பொருத்தி, பையை அதில் 'டக்'கென்று மாட்டுவது. இத்தாலியின் கிவி நிறுவனம் டேங்க்லாக் என்ற பெயரில் விற்கிறது. பை டேங்க்கைத் தொடாமல் நிற்கும், பெயின்ட்டுக்குக் கேடில்லை. ஒவ்வொரு மாடலுக்கும் தனி வளையம் வேண்டும், விலையும் அதிகம். நீண்ட பயணம் அடிக்கடி போகிறவருக்குச் சரி. பரங்கிப்பேட்டையிலிருந்து புதுச்சத்திரம் போய்வர அது வேண்டாம்.

ஸ்கூட்டி ஓட்டும் ஆசிரியை, திருப்பாதிரிப்புலியூர்: என் வண்டிக்கு டேங்க் பேக் கிடைக்குமா?

உங்கள் டேங்க் சீட்டுக்குக் கீழே அல்லது கால் பலகைக்குக் கீழே இருக்கிறது, டீச்சர். பையை அதன் மேல் வைத்தால் அதன் மேல்தான் உட்கார வேண்டும். உங்களுக்கு எதிரே ஒரு கொக்கி இருக்கிறதே, அது போதும்.

பெயர் வேண்டாம், சிதம்பரம்: டேங்க் பேக் வாங்கினேன். யூ-டர்ன் போட்டால் ஹாரன் தானாக அடிக்கிறது.

சிதம்பரம் வீதிகளில் ஹாரன் தானாக அடிப்பதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், கவலைப்படாதீர்கள். பை உயரம் அதிகம். ஹாண்டிலை முழுக்கத் திருப்பும்போது சுவிட்ச் பையில் அழுந்துகிறது. பையைப் பின்னால் தள்ளிப் பாருங்கள், அப்படியும் அடிக்கிறதென்றால் கடையில் கொடுத்துச் சின்னதாக மாற்றுங்கள். இன்று ஹாரன் அழுந்துகிறது. நாளை எஞ்சினை நிறுத்தும் சிவப்பு சுவிட்ச் அழுந்தும், அதுவும் நடுரோட்டில். வாங்கும் முன் வண்டியோடு கடைக்குப் போய் மாட்டிப் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான். சாவித் துவாரம் மறைகிறதா, மீட்டர் தெரிகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

ஒரு இல்லத்தரசி, மஞ்சக்குப்பம்: இவர் டேங்க் பேக் வாங்கப் போகிறாராம். டேங்க் மேல் பை வைத்தால் எங்கள் மூன்று வயதுப் பையன் எங்கே உட்காருவான்?

அம்மா, இந்தப் பையால் உங்கள் வீட்டுக்கு நடக்கப் போகும் பெரிய நன்மையே அதுதான். டேங்க் மேல் உட்காரும் குழந்தை, திடீர் பிரேக்கில் முதலில் போய் மோதுவது ஹாண்டிலிலும் மீட்டரிலும். அப்பாவின் நெஞ்சு பின்னாலிருந்து அழுத்தும்.

மோட்டார் வாகன விதிகளில் 2022 பிப்ரவரியில் ஒரு திருத்தம் அறிவித்தார்கள், ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை பைக்கில் அழைத்துப் போனால், குழந்தையை ஓட்டுகிறவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டி வேண்டும். ஒன்பது மாதம் கடந்த குழந்தைக்கு அளவான ஹெல்மெட் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நம் சாலையில் இதை எத்தனை பேர் செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள், நீங்கள் செய்யுங்கள். பை வாங்கும் பணத்தில் முதலில் அந்தப் பட்டியையும் குட்டி ஹெல்மெட்டையும் வாங்கச் சொல்லுங்கள். மீதி இருந்தால் அவருக்குப் பை.

மெடிக்கல் ரெப், சிதம்பரம்: மாத்திரை சாம்பிள், ஏடிஎம் கார்டு, டேப்லெட் கணினி எல்லாம் டேங்க் பேக்கில் வைக்கலாமா? காந்தப் பை வாங்கியிருக்கிறேன்.

டேப்லெட் வைக்கலாம், மாத்திரையில்தான் யோசனை. கீழே சூடான எஞ்சின், மேலே சித்திரை வெயில், நடுவில் கறுப்புப் பை. காகிதம் தாங்கும், கேப்ஸ்யூல் இளகும். இன்சுலின் போல 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியதை அதில் வைத்துக்கொண்டு காட்டுமன்னார்கோவில் வரை போனீர்கள் என்றால், டாக்டர் கையில் கொடுப்பது மருந்தாக இருக்காது.

கார்டில் சிப் இருந்தால் சிப்புக்குக் காந்தத்தால் ஆபத்தில்லை, பின்னால் ஓடும் கறுப்புப் பட்டைக்குத்தான் ஆபத்து. அதைவிடச் சீக்கிரம் செத்துப்போவது லாட்ஜில் தரும் சாவி அட்டை. ராத்திரி பதினோரு மணிக்கு அறைக் கதவு திறக்காமல் நிற்கும்போது என் நினைவு வரும். கார்டு சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

மெக்கானிக்கை நம்பாதவர், புவனகிரி: டேங்க் பேக் கட்டிய பிறகு இருபது கிலோமீட்டர் ஓடினால் வண்டி நிற்கிறது. மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடுகிறது. மெக்கானிக் கார்புரேட்டர் மாற்றச் சொல்கிறார்.

கார்புரேட்டரைத் தொடாதீர்கள். பெட்ரோல் மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். பையின் அடிப்பகுதி துளையை அடைத்துக்கொண்டிருக்கிறது. மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று சத்தம் வருகிறதா? வந்தால் குற்றவாளி பை. அடியில் வெட்டு விட்ட பை வாங்குங்கள், அல்லது இருப்பதை இரண்டு விரல் பின்னால் தள்ளிக் கட்டுங்கள். இன்னொன்று: பை வைத்திருக்கும் நாளில் டேங்க்கைக் கழுத்து வரை நிரப்பாதீர்கள். வெயிலில் பெட்ரோல் விரிந்து அதே துளை வழியாகக் கசியும், உங்கள் துண்டு முழுக்கப் பெட்ரோல் வாசம்.

அரசு ஊழியர், கடலூர்: 'வாட்டர் ப்ரூஃப்' என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

எழுதியவர் ஐப்பசியில் நம் ஊருக்கு வந்திருந்தால் நம்பலாம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரை கடந்தது நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. இந்த மாவட்டத்து மழைக்கு 'ப்ரூஃப்' கேட்பது கொஞ்சம் பேராசை.

விஷயம் இதுதான். துணி தண்ணீர் விடாது. தையல் விடும், ஜிப் விடும். நூல் போன ஒவ்வொரு ஊசித் துளையும் ஒரு வாசல். பைக்குள் கையை விட்டுத் தையலைப் பாருங்கள், அதன் மேல் நாடா ஒட்டி அடைத்திருந்தால் நல்ல பை. தைக்காமல் சூட்டில் ஒட்டிச் சேர்த்து, வாயைச் சுருட்டி மூடுகிற பைதான் உண்மையில் நனையாது. ஆனால் ஓட்டிக்கொண்டே திறக்க முடியாது.

பல பைகளோடு ஒரு மழைக் கவர் தருவார்கள். அடைமழைக்கு அது போதும், வேகக் காற்றுக்குப் போதாது. அறுபதில் போகும்போது பின்பக்கம் உப்பி, எழுபதில் பறந்து, பின்னால் வருகிற பஸ்ஸின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். கவரில் கட்டும் கயிறு இருக்கிறதா பாருங்கள். நான் சொல்லும் மலிவு வழி: பை நனையட்டும், பொருள் நனையக் கூடாது. உரச் சாக்கின் உள்ளே வரும் கனத்த பாலிதீன் உறையைக் கழுவிக் காயவைத்து, ஃபைலையும் போனையும் அதில் சுருட்டிப் பைக்குள் வையுங்கள். எந்தக் கம்பெனியும் இதற்கு உத்தரவாதம் தராது, தேவையும் இல்லை.

மீன் பிரியர், நெல்லிக்குப்பம்: முதுநகர் துறைமுகத்தில் காலையில் மீன் வாங்கி டேங்க் பேக்கில் கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம். அதன் பிறகு அந்தப் பையை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது, உங்களையும் அலுவலகத்தில் தள்ளி உட்காரச் சொல்வார்கள். எஞ்சின் சூட்டில் ஐஸ் உருகி, அந்தத் தண்ணீர் டேங்க் வழியாக உங்கள் பேன்ட்டுக்கு வரும். உப்பு சேர்ந்த தண்ணீர் பெயின்ட்டுக்கும் ஆகாது. துறைமுகத்தில் மீன் ஏற்றுகிறவர்களைப் பாருங்கள்: எக்ஸ்எல் வண்டி, பின்னால் ஐஸ் பெட்டி. தொழில் தெரிந்தவர்கள் மீனை மூக்குக்குக் கீழே வைப்பதில்லை.

தொப்பைக்காரர், வண்ணாரப்பாளையம்: எத்தனை லிட்டர் பை வாங்க? எனக்கு முன்னாலேயே கொஞ்சம் இடப் பற்றாக்குறை.

உங்கள் நேர்மைக்கு ஒரு லிட்டர் தள்ளுபடி. ஊருக்குள் சுற்ற ஐந்து முதல் எட்டு லிட்டர் தாராளம். பதினைந்து லிட்டர் பையை நிரப்பினால் அது உங்களுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்துவிடும். குனிய முடியாது, திரும்ப முடியாது, இரவில் மீட்டர் வெளிச்சம் கூடத் தெரியாது. எடை நாலைந்து கிலோவைத் தாண்ட வேண்டாம்.

இதைக் கேலி இல்லாமல் சொல்கிறேன்: பூட்டு, ஸ்பேனர், காற்றடிக்கும் பம்ப் போன்ற இரும்புச் சாமான்கள் அதில் கூடவே கூடாது. நேருக்கு நேர் மோதினால் உடம்பு முன்னோக்கி டேங்க்கில் போய் இடிக்கும். அந்த இடத்தில் துண்டும் ரெயின்கோட்டும் இருப்பதற்கும், ஒரு கிலோ பூட்டு இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எலும்பு டாக்டரிடம் போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம். கனமான சாமான் பின்சீட்டில், கயிறு போட்டு, தாழ்வாக. மெத்தென்றிருப்பதும் கைக்கு எட்ட வேண்டியதும் மட்டுமே முன்னால்.

யூடியூப் பார்ப்பவர், திருப்பாதிரிப்புலியூர்: போனை ஹாண்டிலில் மாட்டுவதா, டேங்க் பேக் மேலுள்ள கண்ணாடி உறையில் வைப்பதா?

உறையில். 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஹாண்டில் வழியாக நேராகப் போனுக்குள் போனால், கேமராவின் படம் ஆடாமல் பிடிக்கும் அமைப்பு கெடலாம் என்று. புல்லட்டின் 'டுக் டுக்' நமக்குச் சங்கீதம், போனுக்கு அடி. பைக்குள் இருக்கும் துணி அதிர்வைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். வெயிலில் உறைக்குள் போன் சூடாகி அணைந்துபோவது இதன் குறை. அதற்கும் மருந்து உண்டு: கடலூரிலிருந்து சிதம்பரம் நேர் ரோடு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஊர்ப்பெயர்ப் பலகைகளே வழி சொல்லும். மேப்பைப் பார்க்காமல் ரோட்டைப் பாருங்கள்.

ஆருத்ராவுக்கு வரும் பக்தர், கடலூர்: சிதம்பரத்தில் பைக்கைக் கீழ வீதியில் நிறுத்திவிட்டுக் கோயிலுக்குள் போகும்போது டேங்க் பேக்கை என்ன செய்ய?

காந்தப் பையை எடுக்கத் திருடனுக்கு மூன்று வினாடி போதும். பட்டிப் பைக்கு அரை நிமிடம். பூட்டுப் போட்டாலும் துணியைக் கத்தி கிழித்துவிடும். தரிசனத்துக்குப் போகிறவர் சிதம்பர ரகசியத்திடமே கற்றுக்கொள்ளலாம்: திரையை விலக்கினால் உள்ளே வெட்டவெளி. பையும் அப்படியே இருக்கட்டும், ஜிப்பைத் திறந்தே விட்டு வையுங்கள். தோளில் மாட்டும் பட்டி உள்ள பை என்றால் கையோடு எடுத்துப் போவது இன்னும் உத்தமம்.

ஆர்எக்ஸ் 100 பிரியர், தேவனாம்பட்டினம்: என் வண்டியின் ஒரிஜினல் பெயின்ட் இன்னும் இருக்கிறது. டேங்க் பேக் வைக்கலாமா?

1996-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி, ஒரிஜினல் பெயின்ட், வீடு சில்வர் பீச் மணல் பக்கம். வேண்டாம்.

சம்பளக்காரர், சிதம்பரம்: எந்தக் கம்பெனி? எவ்வளவு பணம்?

மும்பையின் ரைனாக்ஸ், பெங்களூரின் வயாடெரா இரண்டும் இந்திய வண்டிகளை மனதில் வைத்துச் செய்கிறவை. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறிலிருந்து ஐயாயிரம் ரூபாய்க்குள் தினசரிக்கு ஏற்ற பை கிடைக்கும். ஐரோப்பியப் பைகள் அதற்கும் மேல்.

'1000 டெனியர்' என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுதான் டெனியர். எண் கூடினால் நூல் தடிமன், அவ்வளவுதான். தடித்த நூலில் மோசமான ஜிப் வைத்த பைகளும் உண்டு. நான் பையை எடுத்தால் முதலில் ஜிப்பை இழுத்துப் பார்ப்பேன், பிறகு பட்டி தைத்த மூலையை. அந்த இரண்டும் சரியென்றால் மீதியும் பெரும்பாலும் சரியாக இருக்கும். பிராண்ட் பெயரைக் கடைசியில் பார்ப்பேன். அளவாகத் தைத்துத் தரும் நல்ல சீட் கவர் கடைக்காரர் உங்கள் தெருவில் இருந்தால் அதையும் பார்க்க வேண்டியதில்லை.

ஒரு மகன், முதுநகர்: அப்பாவுக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். அவரும் நானும் ஒரே வண்டியை மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். காந்த டேங்க் பேக் வாங்கலாமா?

இந்தக் கேள்விக்கு விளையாட்டுப் பதில் கிடையாது. வலுவான காந்தம் நெஞ்சருகே வந்தால் பேஸ்மேக்கர் வேலை செய்யும் முறையே தற்காலிகமாக மாறக்கூடும். காந்தம் உள்ள பொருளைக் குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஓட்டும்போது தூரம் இருக்கலாம். ஆனால் பையைக் கழற்றித் தோளில் மாட்டினாலோ, பங்கில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாலோ காந்தம் நேராக அங்கேதான் இருக்கும். அப்பா மறுபடி வண்டி ஓட்டலாமா என்பதையே முதலில் அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் பட்டி கட்டும் பை வாங்குங்கள். உங்கள் வீட்டுக்குக் காந்தப் பை வேண்டாம்.